விளாவிய வெந்நீர்

போன வாரம் மழை விட்ட மறுநாள் காலையில், எங்கள் செம்மண்டலம் வீட்டு வாசலில் யாரோ பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். சாக்கடை ஓரமாக, கோலமாவு சிந்தினாற்போல வெள்ளையாக ஒரு கோடு. பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னா நாத்தம் ஆன்ட்டி, தலைய வலிக்குது" என்றாள். எனக்கு அது நாற்றமாகவே தெரியவில்லை. மல்லிகைப்பூ வாசனையில் பழைய நாள் ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. எனக்கு பிளீச்சிங் பவுடர். என்ன செய்ய, என் இளமைக்காலம் அதில் ஊறியது. வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன். கிழவிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அந்தப் பெண் நினைத்திருக்கலாம்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டையும் டி.டி.டி. டின்னும் அடுக்கியிருக்கும் அந்தக் கொட்டகையில்தான் எனக்கு மேஜை. சுகாதாரப் பிரசாரத்துக்கு நானே அட்டையில் படம் வரைவேன். சித்திரம் எனக்கு வராது. கொசு வரைந்தால் கொக்கு மாதிரி இருக்கும். ஆனாலும் தயங்கியதே இல்லை. இருபத்துச் சொச்சம் வயது, ஹெல்த் விசிட்டர் உத்தியோகம், கடலூர் முதுநகர் மாதா கோயில் தெருவிலிருந்து வெளியூர் வேலைக்குப் போன முதல் பெண் என்கிற மிதப்பு. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு நாளை நான் வயசுப்படி பிரித்து வைத்திருந்தேன். காலையில் பள்ளிக்கூடம். நகத்தைக் காட்டு, பல்லைக் காட்டு, காதைக் காட்டு என்று வரிசையாக நிறுத்திப் பார்ப்பேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான் வருகிற நாள் தெரிந்துவிட்டால் சுவரில் தேய்த்தே நகத்தைத் தீட்டி வைத்திருப்பார்கள். மத்தியானம் அடுப்பு வேலை முடிந்த தாய்மார்கள். காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு தடவை கூட்டம் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பற்றி விளாசித் தள்ளினேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. "இதுல சோப்பு பட்டா உசுரு போவுதுக்கா, என்னா பண்றது?" என்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தக் கைதான் கண்ணில் நின்றது. அடுத்த முறை போகும்போது சோப்புப் பேச்சைக் குறைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன்.

சாயங்காலம் பெரியவர்கள். அவர்களிடம்தான் எனக்கு அடி ஜாஸ்தி. வெள்ளாற்றங்கரையில், புவனகிரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முஸ்லிம் ஊர். பெயர் வேண்டாம், அந்த வீட்டுப் பெண்கள் இன்னமும் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். அங்கே பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, "நாளுக்கு ரெண்டு தடவையாவது கையக் காலக் கழுவுங்க" என்று ஆரம்பித்தேன். வயதான ஒருவர் எழுந்து, "நாங்க அஞ்சு வேளை ஒளு செய்யிறோம் நர்ஸம்மா. மூக்குக்குள்ளகூட தண்ணி விட்டுக் கழுவுறோம். நீங்க எத்தினி வேளை?" என்றார். தொழுகைக்கு முன்னால் முறைப்படி கழுவிக்கொள்வதைத்தான் ஒளு என்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நர்ஸ் இல்லை, ஹெல்த் விசிட்டர் என்று திருத்துகிற நேரமா அது?

அந்த ஊரில்தான் ஜுலைகா மாமி இருந்தார். நாற்பதைத் தாண்டாத வயது, நல்ல உயரம், வெள்ளைத் துப்பட்டிக்குள் எப்போதும் கொஞ்சம் கேலியாகச் சிரிக்கிற முகம். வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மாமி தன் வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஓதியவர்கள்தான். அதனால் மாமி ஒன்று சொன்னால் அது தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஒரு வருஷம் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெள்ளாறு இரண்டு கரையும் புரண்டு ஓடியது. நோன்பு மாதம் அந்த மழையோடு சேர்ந்து வரப்போகிறது. மேற்கே சில ஊர்களில் காலரா தொட்டுவிட்டது என்று சேதி. நான் மாமி வீட்டுக்குப் போய், ஒவ்வொரு வீட்டிலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தாக வேண்டும், நீங்கள் சொன்னால்தான் நடக்கும் என்று கேட்டேன்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காய்ச்சுனா தண்ணி ருசி பூடுமே?" என்றார்.

"ருசி போனாப் போவட்டும் மாமி. உசுரு இருக்கும்."

"நல்லாப் பேசுறீங்க. ஒங்க ஊட்ல காய்ச்சுறீங்களா?"

"காய்ச்சுறோம். சந்தேகம்னா வந்து பாருங்க."

மாமிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "சரி. மொத நோன்புலேர்ந்து தெருவுல எல்லா ஊட்லயும் காய்ச்சுவாங்க. நான் ஆச்சு" என்றார். சொன்னபடியே ஆயிற்று. முதல் நோன்பு சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்தால், ஈர விறகுப் புகை கண்ணைக் கரித்தது. ஒவ்வொரு அடுப்பிலும் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை. புகையில் கண்ணீர் வழிய வழிய நான் ராஜநடை போட்டுக்கொண்டு போனேன். இத்தனை அட்டைப் படங்கள் வரைந்து சாதிக்க முடியாததை மாமி ஒரு வார்த்தையில் செய்துவிட்டார். அதில் எனக்கும் பங்கு உண்டு என்கிற பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

ஆபீசில் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் சார் இந்தப் பெருமையைக் கேட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. இருபது வருஷமாக ஊர் ஊராக ஊசிப் பெட்டியும் சைக்கிளுமாக அலைந்தவர். எல்லா ஊரிலும் தலையை ஆட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து யாரையும் நம்பாத சுபாவம் வந்துவிட்டது. "நீ வர்றன்னு தெரிஞ்சா அடுப்ப மூட்டுவாங்க, போனதும் அணைச்சிடுவாங்கம்மா" என்றார். "இது அப்படி இல்ல சார்" என்றேன்.

நோன்பு பாதி ஆகும்போது அந்தத் தெருவில் காலரா வந்தது. வந்தது வேறு எங்கும் இல்லை, மாமி வீட்டில். மாமியின் ஒரே மகள் நூர்ஜஹானுக்கு. அந்த வருஷம்தான் கல்யாணமானவள், மாப்பிள்ளையும் பினாங்குக்குப் போயிருந்தார். காலையில் வயிற்றால் போக ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்து குரலே எழும்பவில்லை. காலராவைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நேற்று சிரித்துக்கொண்டிருந்த ஆளை இன்று அடையாளம் தெரியாது. எங்கள் வண்டியிலேயே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொற்று வார்டில் சலைன் ஏற்றினார்கள். கூட யாரும் இருக்கக்கூடாது என்று மாமியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்தார், நானும் கூட இருந்தேன். கிணற்றில் மருந்து போட்டுவிட்டு, மாமி வீட்டு வாசலில் நின்று, "தண்ணி காய்ச்சினீங்களா?" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமி, "தினமும் காய்ச்சுறோம்" என்றார். "காய்ச்சின தண்ணியில காலரா வராதும்மா. பொய் சொல்லாதீங்க" என்றார் அவர். குரலை உயர்த்தக்கூட இல்லை. ஆனால் சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். மாமியிடம் பொய் பேசக்கூடாது என்று ஓதிக் கற்றுக்கொண்ட பெண்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில் நான் சண்டை பிடித்தேன். "அவுங்க பொய் சொல்லல சார்."

"அப்ப வெந்நீர்ல கிருமி நீச்சலடிச்சுதா?"

"அது எனக்குத் தெரியல சார். ஆனா பொய் சொல்லல."

என் தைரியத்தைப் பாருங்கள். கையில் ஒரு ஆதாரமும் கிடையாது. கொதித்த தண்ணீரில் காலராக் கிருமி பிழைக்காது என்று ஊர் ஊராகச் சொன்னவளும் நான்தான். இருந்தாலும் அந்த முகம் பொய் சொல்லாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. இரண்டும் நிஜம், நடுவில் ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் தெரு பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. "காய்ச்சியும் வந்துச்சே, வெறகுதான் தண்டம்" என்று இரண்டு வீட்டில் பானையை இறக்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் காய்ந்த விறகு என்ன விலை விற்றது என்று எனக்கும் தெரியும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தெரு பச்சைத் தண்ணீருக்குத் திரும்பினால் அடுத்தது எந்த வீடோ. மாமியின் சொல் விழுந்தால் தெருவும் விழும். மகளையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல், தெருவின் முகத்திலும் முழிக்க முடியாமல் மாமி உள்ளே அடைந்து கிடந்தார்.

நான் தினமும் வார்டுக்குப் போய் நூர்ஜஹானைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி மாமிக்குச் சேதி சொல்லப் போவேன். முதல் நாள் கதவைத் திறந்து சேதியை மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் சொல்வதற்கு நல்ல சேதி இருந்தது. நின்றுபோயிருந்த மூத்திரம் பிரிந்துவிட்டது, உம்மா எங்கே என்று கேட்டாள். சொன்னதும் மாமி துப்பட்டியில் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "நோன்பு தொறக்குற நேரத்துல வந்துருக்கீங்க. ஒக்காருங்க" என்றார். அவர் மனம் புண்பட்டிருந்தது எனக்குத் தெரியும். அப்படியும் அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்ப அவரால் முடியவில்லை.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கச் சொல்லி நகரா முரசு அடித்தது. மாமி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று தந்தார். பள்ளியிலிருந்து வந்த கஞ்சியை வட்டிலில் ஊற்றி வைத்தார். பிறகு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வாங்கிக் குடித்தேன். இரண்டாவது மடக்கில் கை அப்படியே நின்றது. தண்ணீர் வெதுவெதுப்பாக, இதமாக, குடிக்க வாகாக இருந்தது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகுதான் அந்தத் தெருவில் அடுப்பு மூட்டுவார்கள். அவ்வளவு பெரிய பானையில் கொதித்த தண்ணீர் அதற்குள் இப்படி ஆறுமா?

"மாமி, இது காய்ச்சுன தண்ணிதானே?"

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "நீங்களுமா நர்ஸம்மா? இப்பதான் எறக்குனேன். கொதிக்கக் கொதிக்க எறக்கி வெளாவி வச்சிருக்கேன்."

"வெளாவியா?"

"பின்ன? நாளெல்லாம் நாக்கு வறண்டு கெடக்குறவங்க கொதிக்கிற தண்ணியவா வாயில ஊத்திக்குவாங்க? கெணத்துத் தண்ணி ரெண்டு சொம்பு ஊத்தி வெளாவிட்டாச் சரியா இருக்கும்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெந்நீர் என்றால் விளாவத்தான் வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு ஊற்றுவதிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வரைக்கும், கொதிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்க்காத கை நம் பக்கத்தில் உண்டா? அதற்கென்று தனியாக ஒரு சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறோம். கொதிக்க வையுங்கள், கொதிக்க வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினோமே தவிர, விளாவாதீர்கள் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுத்த பாடத்திலும் அது இல்லை. எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ. தெரு முழுக்க ஒரு சொல் பிசகாமல் நாங்கள் சொன்னதைச் செய்திருக்கிறது. செய்துவிட்டு, வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை இரண்டு சொம்பு சேர்த்துக்கொண்டிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல மாமி கேட்டார். மகளுக்கு எப்படி வந்தது என்பது அவருக்குப் புரிந்த கணத்தை நான் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் பானையைப் பார்த்து, "பொய்யான்னு கேட்டாரே அந்த மனுசன், எப்படிக் குடிக்கிறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

வழி கண்டுபிடித்ததும் மாமிதான். நான் ஆற வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எப்போது காய்ச்சினால் நோன்பு திறக்கிற மஃரிபுக்கு ஆறும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்: "விடியறதுக்கு முந்தி சஹருக்குச் சோறாக்க அடுப்பு எரியுது. அந்த நெருப்புலயே காய்ச்சி மூடி வச்சிட்டா, பொழுது சாயிற வரைக்கும் அத எவ தொடப் போறா? ஊரே நோன்பு." தனி விறகும் வேண்டாம், அவசரமும் இல்லை. நாள் முழுக்க யாரும் கை வைக்காத பானை நோன்பு வீட்டைத் தவிர வேறெங்கே கிடைக்கும்? நோன்பு வைக்காத சின்னப் பிள்ளைகளுக்கும் முடியாதவர்களுக்கும் தனிப் பானை, கைபடாமல் மொள்ளக் கொட்டாங்கச்சி அகப்பை. அன்றைக்கே மாமி வாசலில் பெண்களைக் கூட்டினார். நான் நடுவில் நின்று, "மாமி நாங்க சொன்னபடிதான் செஞ்சாங்க. நாங்கதான் பாதியச் சொல்லாம உட்டுட்டோம்" என்றேன். மேடைப் பேச்சு நிறையப் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு வாக்கியம் மாதிரி வேறெதையும் அவ்வளவு நிமிர்ந்து பேசியதில்லை.

இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் பகலில் அவரே வந்தார். மாமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஒரு டம்ளர் தண்ணி குடுங்கம்மா" என்றார். அந்த மனிதர் வெளியூர்த் தண்ணீர் குடிக்கமாட்டார், எப்போதும் கூஜா கொண்டுவருவார். தெரு முழுக்க நோன்பு, தொண்டையில் ஒரு சொட்டு இறங்காத நேரம். மாமி பானையைத் திறந்து அகப்பையால் மொண்டு கதவிடுக்கு வழியாக நீட்டினார். "ஆற வச்சதுதான். குடிச்சுப் பாத்து, பொய்யான்னு சொல்லுங்க" என்றார். அவர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், காய்ச்சினீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படிக் குடிக்கிறீர்கள் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்.

நூர்ஜஹான் பிழைத்துக்கொண்டாள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தாள். அந்தத் தெருவில் அப்புறம் யாருக்கும் வரவில்லை.

இப்போது எல்லாமே போய்விட்டது. காலரா போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தம் உண்டா என்ன. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஹெல்த் விசிட்டர் என்கிற பெயரைச் சொன்னால் அது என்ன வேலை என்கிறார்கள். அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். திறந்திருக்கிற வீடுகளில் கேன் தண்ணீர். சுகாதாரத்தைப் பற்றிப் போனிலேயே ஒரு குரல் பேசுகிறது, நாம் எப்படிக் குடிக்கிறோம் என்று அது கேட்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நூர்ஜஹானின் பேத்தி கல்யாணத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். மணப்பெண்ணின் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதையைப் பாதி கேட்டுவிட்டு, "காலரான்னா வயித்துப்போக்குதானே ஆன்ட்டி, அதுல ஆளு சாவாங்களா?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அந்தப் பயமே தெரியாமல் ஒரு பெண் வளர்ந்திருக்கிறாள் என்றால் அதற்காகத்தானே அவ்வளவு புகையில் நடந்தோம். நூர்ஜஹான் சிரித்தாள். அவளுக்கே இப்போது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். உம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மாமி போன சமயம் நான் மகன் வீட்டில் வெளியூரில் இருந்தேன், போக முடியவில்லை.

"கடைசி வரைக்கும் வேற தண்ணி குடிக்கல" என்றாள் நூர்ஜஹான். "ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காய்ச்சி ஆறுனத நாங்கதான் கொண்டுட்டுப் போவணும். மௌத்தாவுற அன்னிக்கு மக்காலேர்ந்து வந்த ஸம்ஸம் கெணத்துத் தண்ணிய ஸ்பூன்ல எடுத்துட்டுப் போனேன். கண்ணத் தொறந்து பாத்தாங்க. 'இத மட்டும் காய்ச்ச வேணாம்'னாங்க. குடிச்சாங்க. அதுக்கப்புறம் பேசல."